போன் செத்துப்போனா உங்க வீட்டு ஆளுங்க எங்க வந்து நிப்பாங்க?

ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் வீட்ல ஆளுக்கு ஒரு துண்டு பேப்பர், ஒரு பேனா குடுத்தேன். "பகல் நேரம், ஆளுக்கொரு எடத்துல இருக்கோம், வீட்டுக்குள்ள வர முடியாத மாதிரி ஏதோ ஆயிடுச்சு, யார் போனும் வேலை செய்யல. எங்க வந்து நிப்பீங்க? பக்கத்துல பாக்காம எழுதுங்க"ன்னேன். பையன் "வீட்டு வாசல்"னு எழுதினான், அதான் வர முடியாதுன்னு சொன்னேனேடா. வைஃப் பொண்ணோட ஸ்கூல் பேரை எழுதினா. நான் பஸ் ஸ்டாப். அம்மா மட்டும் "நீங்க யாராவது வந்து கூட்டிட்டு போற வரைக்கும் இங்கயே இருப்பேன்"னு எழுதியிருந்தாங்க.

நாலு பேர், நாலு பதில். இத்தனைக்கும் அப்போ எங்க அலமாரில டார்ச், விசில், முதலுதவி டப்பா எல்லாம் போட்ட ஒரு பெரிய எமர்ஜென்சி பை தயாரா இருந்துச்சு, அதை வாங்கி அடுக்கினதுல எனக்கு ரொம்ப பெருமை வேற. அன்னைக்குத்தான் உறைச்சுது, பை வேற, ப்ளான் வேற. யார் எங்க வரணும், யாரு யாரைக் கூட்டிட்டு வரணும், வரலன்னா எவ்ளோ நேரம் பாக்கணும், இதெல்லாம் முன்னாடியே பேசி முடிச்சு வச்சிருக்கறதுதான் ப்ளான். அதுக்கு காசு ஒண்ணும் ஆகாது, ரெண்டு மூணு நாள் சாயங்காலம் எல்லாரையும் உக்கார வைக்கணும், அதுதான் கஷ்டம்.

அதனால நீங்களும் கடைக்குப் போறதுக்கு முன்னாடி இந்த பேப்பர் டெஸ்ட்டை வைங்க. சின்ன பசங்க, வயசானவங்க, வேலைக்கு வந்து கூடவே தங்கறவங்க யாரையும் விடாதீங்க. பதில் ஒத்துப் போகலன்னா சண்டை போடாதீங்க, ஒத்துப் போகாது.

எங்க கூடறது

ஒரு எடம் பத்தாது, மூணு வேணும். ஒண்ணு வீட்டுக்கு வெளியவே, தீப்புடிச்சா ஓடி வந்து நிக்கற எடம். ரெண்டாவது ஏரியாக்குள்ள, நடந்து போற தூரத்துல, தெருவுக்குள்ளயே விடலன்னா போறதுக்கு. மூணாவது ஏரியாவுக்கு வெளிய, சொந்தக்காரங்க வீடு மாதிரி, மொத்த ஏரியாவையும் காலி பண்ணச் சொன்னா போறதுக்கு.

எழுதும்போது "பார்க்"னு மட்டும் எழுதிடாதீங்க. பார்க்னா எந்த கேட்? நாங்க மொதல்ல அப்படித்தான் எழுதினோம், போய்ப் பாத்தா மூணு கேட், ஒண்ணுல இருந்து இன்னொண்ணு தெரியவே தெரியாது, ஆளுக்கொரு கேட்ல நின்னு ஒருத்தரை ஒருத்தர் காணோம்னு பதறியிருப்போம். விரல் வச்சு காட்டற மாதிரி ஒரு பொருள் வேணும், ஒரு கம்பம், ஒரு மரம், ஒரு படிக்கட்டு. நிலநடுக்கம் வர்ற எடம்னா அந்தக் கம்பம் மேல விழற தூரத்துல நிக்காத மாதிரி பாருங்க, வெள்ளம் வர்ற எடம்னா பள்ளத்துல இருக்கற எடத்தை எடுக்காதீங்க.

மொத எடம் ஏன் முக்கியம்னா, தீ விபத்துல வெளிய வந்தவங்க திரும்ப உள்ள ஓடறதுதான் கொடுமையான விஷயம். பின்பக்கமா ஒருத்தர் தப்பிச்சு போயிருப்பார், முன்பக்கம் நிக்கறவங்களுக்கு அது தெரியாது, அவரைத் தேடி இவங்க உள்ள போயிடுவாங்க. எல்லாரும் ஒரே கம்பத்துக்கு வந்தா தலையை எண்ணிடலாம், குறைஞ்சா தீயணைப்புக்காரங்ககிட்ட "ஒருத்தர் உள்ள இருக்கார், மேல் மாடி, வலது பக்க ரூம்"னு சொல்லலாம். நம்ம உள்ள போகக் கூடாது.

கூடவே ஒரு நேரக் கணக்கும் முடிவு பண்ணுங்க. ரெண்டாவது எடத்துல எவ்ளோ நேரம் காத்திருக்கறது? நாங்க ரெண்டு மணி நேரம்னு வச்சிருக்கோம், அதுக்குள்ள வரலன்னா ஒரு சீட்டு எழுதி அந்த எடத்துல ஒட்டிட்டு மூணாவது எடத்துக்குப் போயிடறது. இது இல்லன்னா ஒருத்தர் காத்துக்கிட்டே இருப்பார், இன்னொருத்தர் தேடிக்கிட்டே இருப்பார், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தாண்டி தாண்டிப் போயிட்டிருப்பாங்க.

வெளியூர்ல ஒரு ஆள்

பெரிசா ஏதாவது நடந்துச்சுன்னா ஊர்ல இருக்கற அத்தனை பேரும் ஒரே நேரத்துல போன் பண்ணுவாங்க. டவர் அந்த கூட்டத்தைத் தாங்காது, கரண்ட் போயிருந்தா டவரோட பேட்டரியும் கொஞ்ச நேரம்தான். இந்த மாதிரி நேரத்துல பக்கத்துத் தெருவுக்கு கிடைக்காத லைன் சில சமயம் வெளியூருக்கு கிடைச்சுடும், ஏன்னா நெரிசல் இங்கதான், அந்தப் பக்கம் வாங்கற டவர் சும்மாத்தான் இருக்கும். அதனால தூரத்துல ஒரு ஆளை வச்சுக்கிட்டு, குடும்பத்துல எல்லாரும் அந்த ஒருத்தருக்கு மட்டும் தகவல் சொல்றது, அவர் கோர்த்து மத்தவங்களுக்கு சொல்றது.

எங்களுக்கு அது சித்தி. அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் போட்டோம், நீங்களும் கேளுங்க, சொல்லாம பேரைப் போட்டு வச்சா அவங்க தெரியாத நம்பர்னு எடுக்கவே மாட்டாங்க. எங்க சித்தி மத்தியானம் தூங்கும்போது போனை சைலன்ட்ல போடுவாங்கன்னு ட்ரயல் பாத்தப்போதான் தெரிஞ்சுது, அதனால சித்தப்பா நம்பரையும் சேத்தோம்.

கால் பண்றதை விட எஸ்எம்எஸ் நல்லது. பேசற நேரம் பூரா கால் ஒரு சேனலைப் புடிச்சு வச்சுக்கும், எஸ்எம்எஸ்ஸுக்கு அந்த சேனலே வேணாம், கண்ணிமைக்கற நேரம் சிக்னல் கிடைச்சா போதும், வாங்கறவர் போன் ஆஃப்ல இருந்தாலும் போன் கம்பெனியோட எஸ்எம்எஸ் சென்டர்ல காத்திருந்து அப்பறம் போய்ச் சேரும். வாட்ஸ்அப்புக்கு டேட்டா வேணும், அது வேற கதை. சாதாரண எஸ்எம்எஸ் எங்க இருந்து அனுப்பறதுன்னே எங்க பையனுக்குத் தெரியல, நம்புங்க, காட்டிக் குடுக்க வேண்டியதாப் போச்சு.

மெசேஜ்ல நாலே விஷயம், யாரு, எங்க இருக்கேன், எப்படி இருக்கேன், அடுத்து எங்க போறேன். "நான் ஓகே"ன்னு மட்டும் அனுப்பினா பதில் கேள்வி நாலு வரும், அந்த நாலுக்கும் பேட்டரி செலவு. அனுப்பி முடிச்சதும் சிக்னல் இல்லன்னா ஏரோப்ளேன் மோட்ல போட்டுடுங்க, சிக்னல் தேடித் தேடியே போன் சார்ஜை தின்னுடும், அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாத்தா போதும்.

நம்பர் மனப்பாடம்

சின்ன வயசுல எங்க வீட்ல இருந்த லேண்ட்லைன் நம்பர் எனக்கு இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. கல்யாணம் ஆகி இத்தனை வருஷம், வைஃப் நம்பர் தெரியாது. போன்ல பேரைத் தட்டியே பழகிட்டோம். இப்போ எங்க வீட்ல எல்லாரும் ரெண்டு நம்பர் மனப்பாடம் பண்ணணும்னு சட்டம். பொண்ணுக்கு நம்பரை பாட்டு மாதிரி சொல்லிக் குடுத்தோம், ரெண்டு நாள்ல புடிச்சுட்டா, நான் ஒரு வாரம் எடுத்துக்கிட்டேன். வாரத்துக்கு ஒரு தடவை போனை அவ கையில குடுத்து காண்டாக்ட்ல தேடாம நம்பரா அடிக்கச் சொல்றது, சொல்லத் தெரியறதும் அடிக்கத் தெரியறதும் ஒண்ணு இல்ல.

அது போக ஒரு அட்டை. எங்க அட்டைல இருக்கறது இவ்ளோதான்:

தீ, கேஸ்: எதிர் பக்கம் மூணாவது லைட் கம்பம்.
வீட்டுக்கு வர முடியலன்னா: பார்க், தண்ணித் தொட்டி இருக்கற கேட். 2 மணி நேரம்.
ஏரியாவுக்கே வர முடியலன்னா: மாமா வீடு.
தகவல்: சித்தி (நம்பர்). எடுக்கலன்னா சித்தப்பா (நம்பர்).
பொண்ணைக் கூட்டறது: அவ அம்மா. முடியலன்னா அவ அப்பா. அப்பறம்தான் மேல் வீட்டு ஆன்ட்டி.
பின்பக்கம்: ரத்த வகை, அலர்ஜி, தினமும் சாப்பிடற மாத்திரை.

இதை பர்ஸ்ல, ஸ்கூல் பேகுல, அம்மாவோட மாத்திரை டப்பால, வண்டில ஒண்ணு ஒண்ணு வச்சாச்சு. மேல அகலமா செல்லோடேப் ஒட்டுங்க, தண்ணி பட்டா இங்க் கரைஞ்சுடும். வீட்டு அட்ரஸை மட்டும் அட்டைல எழுத வேணாம், பர்ஸ் தொலைஞ்சா எவன் கையில போகும்னு தெரியாது.

போன்லயும் ஒரு வேலை இருக்கு. ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுலயும் லாக் ஸ்க்ரீன்ல எமர்ஜென்சி தகவல்னு ஒண்ணு போடலாம், போன் பூட்டியிருந்தாலும் மத்தவங்க உங்க மருத்துவ விவரத்தையும் யாரைக் கூப்பிடணும்ங்கறதையும் பாக்க முடியும், செட்டிங்ஸ்ல அஞ்சு நிமிஷ வேலை. அப்பறம் உங்க நெட்வொர்க் காட்டலன்னா எமர்ஜென்சி காலும் போகாதுன்னு நினைச்சுக்காதீங்க, 112ங்கறது மொபைல் போன் ஸ்டாண்டர்டுலயே இருக்கற எமர்ஜென்சி நம்பர், உங்க கம்பெனி சிக்னல் இல்லன்னாலும் அந்த எடத்துல வேற எந்த கம்பெனி டவர் கிடைச்சாலும் அது வழியா முயற்சி பண்ணும். உங்க நாட்டுல தீயணைப்புக்கு, ஆம்புலன்ஸுக்கு தனி நம்பர் இருந்தா அதையும் அட்டைல போடுங்க.

எதுக்கு ஓடறது, எதுக்கு உள்ளயே இருக்கறது

உலகத்துல இருக்கற எல்லா ஆபத்துக்கும் ப்ளான் போட உக்காந்தீங்கன்னா ரெண்டாவது பக்கத்துலயே தூக்கம் வந்துடும். தீ எல்லாருக்கும் பொது. அது போக உங்க எடத்துக்கு உண்மையா வரக்கூடிய ரெண்டு மூணை மட்டும் எடுத்துக்குங்க.

தீக்கு, தூங்கற ஒவ்வொரு ரூமுக்கும் ரெண்டு வழி இருக்கான்னு பாருங்க. கதவு ஒண்ணு, ரெண்டாவது ஜன்னலா பால்கனியா? அந்த ஜன்னல்ல கம்பி இருந்தா உள்ள இருந்து திறக்கற மாதிரி இருக்கா, சாவி எங்க? எங்க வீட்ல அந்தச் சாவி வேற ரூம்ல பூஜை சாமான் டப்பாக்குள்ள இருந்துச்சு. மூடின கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி புறங்கையால தொட்டுப் பாக்கணும், சூடா இருந்தா திறக்கக் கூடாது, அடுத்த வழி. புகை மேலதான் ஏறும், அதனால தவழ்ந்து போறது. வெளிய போகும்போது கதவைச் சாத்திட்டே போங்க, ஒரு சாதா கதவு சாத்தியிருந்தாலே தீயும் புகையும் பரவறது நல்லா தாமதமாகும். லிஃப்ட் வேணவே வேணாம். ஸ்மோக் அலாரம் மாட்டியிருந்தா மாசம் ஒரு தடவை பட்டனை அமுக்கிப் பாருங்க, பத்து வருஷம் ஆச்சுன்னா சத்தம் வந்தாலும் மாத்திடுங்க.

கேஸ் நாத்தம் வந்தா சுவிட்ச் எதையும் தொடக்கூடாது, போடவும் கூடாது அணைக்கவும் கூடாது, ரெண்டுலயும் சின்னப் பொறி வரும். சிலிண்டர் கேஸ் காத்தை விட கனம், தரையில தங்கும். பைப்புல வர்ற இயற்கை எரிவாயு லேசு, மேல ஏறும். எதுவா இருந்தாலும் கைக்கு எட்டினா வால்வை மூடு, கதவு ஜன்னலைத் திற, வெளிய போ, போன் பண்றது வெளிய போய்த்தான்.

வெள்ளத்துக்கு ஒரே ஒரு கணக்கு ஞாபகம் வச்சாலும் போதும். ஓடற தண்ணி 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஒரு பெரிய ஆளைத் தள்ளிடும், அது கணுக்கால்ல இருந்து கொஞ்சம் மேல, அவ்ளோதான். 30 சென்டிமீட்டர்ல சின்ன காரை நகர்த்திடும், 60ல பெரும்பாலான வண்டிங்களை அடிச்சுட்டுப் போயிடும். "நம்ம வண்டி உயரம், போயிடலாம்"னு சொல்ற ஆள் வீட்டுக்கு ஒருத்தர் இருப்பார், அவருக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க.

நிலநடுக்கம்னா வெளிய ஓடக்கூடாது, சுவத்துல இருந்தும் மேல இருந்தும் பெயர்ந்து விழறது வாசல்கிட்டதான் அதிகம். குனிஞ்சு ஒரு கெட்டி மேசைக்கு அடியில போய், அதோட காலைப் புடிச்சுக்கிட்டு, ஆட்டம் நிக்கற வரைக்கும் இருக்கணும்.

மெயின் சுவிட்ச், கேஸ் வால்வு, தண்ணி வால்வு மூணும் எங்க இருக்குன்னு வீட்ல எத்தனை பேருக்குத் தெரியும்? எங்க வீட்ல எனக்கு மட்டும்தான் தெரிஞ்சுது, நானோ பகல் பூரா வெளிய. ஒரு நாள் லைட்டெல்லாம் அணைச்சுட்டு அம்மாவை மெயினை ஆஃப் பண்ணச் சொன்னேன். பெட்டியைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாத்தா வரிசையா ஒரே மாதிரி பதினோரு சுவிட்ச், ஒண்ணுலயும் பேர் இல்ல, அம்மா என்னைப் பாக்கறாங்க, எனக்கே ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருந்துச்சு. பொண்ணு உள்ள போய் செவப்பு நெயில் பாலிஷ் எடுத்துட்டு வந்து மெயின்ல ஒரு பொட்டு வச்சா. அப்பறம் பெட்டி மூடில ஒரு ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டினேன், இருட்டுலயும் தெரியுது. ஒண்ணு மட்டும், தண்ணி ஏறி நீங்க நிக்கற எடமே ஈரம்னா மெயின் பக்கமே போகாதீங்க.

கூடுதலா யோசிக்க வேண்டியவங்க

ப்ளான் எப்பவுமே வீட்லயே மெதுவா நடக்கற ஆளோட வேகத்துல போடணும். எங்க அம்மா மாடிப்படி இறங்க நாலு நிமிஷம் ஆகுது, அளந்து பாத்தோம். அப்போ யாரு அவங்க கூட இறங்கறது? "யாராவது பாத்துப்பாங்க"ன்னா யாரும் பாக்க மாட்டாங்க, பேர் சொல்லி முடிவு பண்ணணும், அந்த ஆள் வீட்ல இல்லாத நேரத்துக்கு பக்கத்து வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லி வைக்கணும். கரண்ட்ல ஓடற மருத்துவ மெஷின் வீட்ல இருந்தா அதுக்கு பேக்கப் எவ்ளோ நேரம் வரும், அப்பறம் எங்க போறதுன்னு இப்பவே டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வைங்க. மாத்திரை எப்பவும் ஒரு வாரத்துக்காவது கூடுதலா கையிருப்பு வேணும், தீர்ந்த அன்னைக்கு வாங்கற பழக்கம் இருந்தா விட்டுடுங்க. இன்சுலின் பெரும்பாலான வகை பிரிச்ச பிறகு சாதா அறை வெப்பத்துல நாலு வாரம் வரைக்கும் தாங்கும், ஆனா பிரிக்காத ஸ்டாக்குக்கு ஃப்ரிட்ஜ் வேணும், உங்களோடது எந்த வகைன்னு அட்டைப்பெட்டில பாருங்க.

ஸ்கூல்ல குழந்தையைக் கூட்டிட்டுப் போக யார் யாருக்கு அனுமதின்னு ஒரு லிஸ்ட் இருக்கும், அதுல மூணாவது ஆள் பேரை ஏத்திடுங்க, அன்னைக்கு போய் கெஞ்ச முடியாது. பொண்ணுக்கு ஒரு ரகசிய வார்த்தையும் குடுத்திருக்கோம், அதைச் சொல்லாம "அப்பா அனுப்பினாரு"ன்னு யாரு வந்தாலும் போகக் கூடாது. வீட்ல நாய் பூனை இருந்தா எல்லா தங்கற முகாம்லயும் சேத்துக்க மாட்டாங்க, அதுங்களுக்கு ஒரு வீடு தனியா பேசி வைக்கணும்.

இப்போ பை

ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணி, பாதி குடிக்க, மீதி சமையல், சுத்தம். நாலு பேருக்கு மூணு நாள்னா 48 லிட்டர், அதாவது 48 கிலோ. இதைத் தூக்கிட்டு யாரும் ஓட முடியாது. அதனால ரெண்டு ஸ்டாக்னு நினைச்சுக்குங்க, வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கறதுக்கு ஒண்ணு, தூக்கிட்டுக் கிளம்பறதுக்கு ஒண்ணு. நான் மொதல்ல கட்டின பையை அம்மாகிட்ட குடுத்து தூக்கச் சொன்னேன், கைப்பிடியைப் புடிச்சுட்டு என்னைப் பாத்து சிரிச்சாங்க. இப்போ ஆளுக்கொரு சின்னப் பை.

தண்ணி மேல சந்தேகம் இருந்தா நல்லா குமிழ் விட்டு கொதிக்க ஆரம்பிச்ச பிறகு ஒரு நிமிஷம் விடணும், 2000 மீட்டருக்கு மேல மலைல இருந்தா மூணு நிமிஷம். கொதிக்க வைக்க வழி இல்லன்னா, வாசனையோ கலரோ சேக்காத, 5ல இருந்து 6 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் இருக்கற வீட்டு ப்ளீச், லிட்டருக்கு ரெண்டு சொட்டு, கலங்கலா இருந்தா துணில வடிகட்டிட்டு நாலு சொட்டு, கலக்கி அரை மணி நேரம் வைக்கணும். ரெண்டு முறையும் கிருமிக்குத்தான், கெமிக்கல் கலந்த தண்ணியை ரெண்டுமே காப்பாத்தாது.

கரண்ட் போனா ஃப்ரிட்ஜைத் திறக்காம வச்சா 4 மணி நேரம் தாங்கும், ஃப்ரீசர் நிறைஞ்சு இருந்தா 48 மணி நேரம், பாதி இருந்தா 24. "இருக்கான்னு பாக்கறேன்"னு அஞ்சு தடவை திறந்தா இந்தக் கணக்கெல்லாம் போச்சு. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ள, பால்கனில, கராஜ்ல ஓட்டவே ஓட்டாதீங்க, ஜன்னல்ல இருந்து 6 மீட்டராவது தள்ளி வெளிய, கார்பன் மோனாக்சைடுக்கு நாத்தமும் கிடையாது நிறமும் கிடையாது, தூங்கறவங்க அப்படியே போயிடுவாங்க. கரி அடுப்பும் அதே மாதிரிதான்.

மத்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், சமைக்காம சாப்பிடற சாப்பாடு, டின்னா இருந்தா திறக்கறதுக்கு ஓப்பனர், டார்ச், பேட்டரில ஓடற ரேடியோ, பவர் பேங்க், முதலுதவி, சில்லறை நோட்டா பணம் (நெட் இல்லன்னா கார்டு வேலை செய்யாது, மீதி குடுக்க யார்கிட்டயும் சில்லறை இருக்காது), டாக்குமென்ட் நகல் பிளாஸ்டிக் கவர்ல. விசில் ஏன்னா கத்தினா தொண்டை போயிடும், விசில் போகாது, மூணு தடவை விட்டு விட்டு ஊதினா உதவி கேக்கறாங்கன்னு அர்த்தம். டார்ச்சுக்குள்ள பேட்டரியைப் போட்டே வைக்காதீங்க, பக்கத்துல தனியா வைங்க, என்னோடது உள்ளயே கசிஞ்சு ஸ்பிரிங்கெல்லாம் பச்சை பூத்துப் போச்சு, பெருமையா வாங்கி அடுக்கின அதே பைல இருந்த டார்ச்தான். பவர் பேங்க் சும்மா இருந்தாலும் இறங்கும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஏத்துங்க. கட்டிலுக்கு அடியில ஆளுக்கு ஒரு ஜோடி செருப்பு, முடிஞ்சா ஷூ. ராத்திரி கண்ணாடி உடைஞ்சு கிடந்தா வெறுங்காலோட வாசல் வரைக்கும் கூட போக முடியாது.

ஒத்திகை

வருஷத்துக்கு ரெண்டு தடவை. அட்டைல நம்பர் மாறியிருக்கா, பைல தேதி முடிஞ்சிருக்கா, பசங்க ட்ரெஸ் இன்னும் சேருதான்னு அன்னைக்கே பாத்துடறது. எங்களோட மொத ஒத்திகை ஒரே கூத்து, பையன் பையை விட்டுட்டு ஹெட்செட்டை எடுத்துட்டு வந்தான், நான் கதவைச் சாத்தினேன், சாவி உள்ள. ரெண்டாவது தடவை கம்பத்துக்கு எல்லாரும் ஆறு நிமிஷத்துல வந்துட்டோம், அம்மா உட்பட. ஆனா ரெண்டுமே ஞாயித்துக்கிழமை சாயங்காலம், எல்லாரும் முழிச்சிருக்கும்போது, முன்னாடியே சொல்லி வச்சு நடத்தினது. அடுத்தது ராத்திரி ரெண்டு மணிக்கு, மெயினை ஆஃப் பண்ணிட்டு. தேதி முடிவு பண்ணிட்டேன், வைஃப்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன்.